ஏழு வீட்டு அரிசி

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயில் முற்றத்தில் திரை கட்டியிருந்தார்கள். ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம். நட்டாலத்தில் பிறந்தவர், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுடப்பட்டவர், கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடங்கியிருப்பவர். நம்மூர்க்காரர். பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன்கள் வெடிச்சரத்தை அவிழ்த்துவைத்துக்கொண்டு நேரம் பார்த்திருந்தார்கள். திரையில் பேதுரு பேராலயத்தின் முகப்பு தெரிந்தது. பத்துப் பேருக்குப் பட்டம் என்பதால் பத்துப் படங்கள் தொங்கின. நாங்கள் தேடியது ஒரு படத்தைத்தான்.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் மட்டும் இன்னொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண், தாடி.

"அந்த மெலிஞ்ச சாமியார் ஆரு மக்கா?"

"பிரெஞ்சுக்காரர், தாத்தா. சகாரா பாலைவனத்துல இருந்தவர்."

"எத்தன பேர மனந்திருப்புனாரு?"

"அனேகமா யாரையும் இல்ல."

பெரியவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோர் வாங்கப் போய்விட்டார்.

அவருக்கு அன்று நான் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஷார்ல் தெ ஃபூக்கோ என்று பெயர். சிறுபத்திரிகை வாசகருக்கு ஃபூக்கோ என்றதும் மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு தத்துவவாதி எழுந்து வருவார். அவர் இல்லை. இவர் 1858இல் ஸ்ட்ராஸ்பூரில் பிறந்தவர். ஆறு வயதுக்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்து தாத்தாவிடம் வளர்ந்தார். நல்ல சொத்து. பதின்வயதிலேயே கடவுள் நம்பிக்கை போயிற்று. குதிரைப்படை அதிகாரியாகி, தின்று பருத்து, சுருட்டும் ஷாம்பெயினுமாகச் சொத்தைக் கரைத்த வேகத்தைப் பார்த்துக் குடும்பத்தார் பயந்துபோனார்கள். நீதிமன்றம் ஏறி, அவர் செலவைக் கட்டுப்படுத்த ஆள் போட்டார்கள். 1883இல் யூத ரபி வேடம் போட்டுக்கொண்டு, ஐரோப்பியர் கால்வைக்கப் பயந்த மொராக்கோவுக்குள் நுழைந்து, ஏறக்குறைய ஒரு வருடம் நாட்டை அளந்துவிட்டு வந்தார். பாரிஸ் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. மொராக்கோவில் ஐந்து வேளையும் தரையில் நெற்றி பதித்துத் தொழுத மனிதர்களைப் பார்த்தது உள்ளே என்னவோ செய்திருக்கிறது. கிறிஸ்தவரை மறுபடி கிறிஸ்தவராக்கியதில் இஸ்லாமியருக்குப் பங்கு உண்டு என்பதை அவரே மறைத்ததில்லை.

1886 அக்டோபர் கடைசியில் பாரிஸில் புனித அகுஸ்தீன் கோயிலுக்குள் போய், உவ்லேன் என்ற குருவைத் தேடிப்பிடித்து, சமயம் பற்றிச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். உவ்லேன் பாடம் எடுக்கவில்லை. முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். பேச வந்தவர் மண்டியிட்டார்.

அதன்பின் இறங்கிக்கொண்டே போனார். 1890இல் பிரான்சின் மலைப்பகுதியில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்று. அது போதுமான அளவு ஏழ்மையாக இல்லை என்று அன்றைய சிரியாவின் அக்பெஸில் இருந்த மடத்துக்குப் போனார். பலகை அடித்த கொட்டகை மாதிரியான மடம் அது. ஒருநாள் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி சாகக் கிடக்க, துணைக்கு இருக்க இவரை அனுப்பினார்கள். அந்த வீட்டைப் பார்த்த பிறகு தன் மடம் மாளிகையாகத் தெரிந்தது. 1897இல் வெளியேறி நாசரேத்துக்குப் போய், கிளாரா சபைக் கன்னியருக்கு எடுபிடி வேலைக்காரராகச் சேர்ந்தார். தோட்டத்துச் சாமான் போடும் கொட்டிலில் படுக்கை. 1901இல் குருப்பட்டம் பெற்று அல்ஜீரியாவில் பெனி அப்பெஸ் என்ற பாலைச்சோலை. 1905இல் அதையும் தாண்டி, ஹோக்கார் மலைகளுக்குள், துவாரெக் மக்களின் தாமன்ராசெட். அன்றைக்கு அங்கே ஒருசில குடிசைகள்தான்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு சங்கடம் உண்டு. எங்கேயாவது தன்னைவிட ஏழை ஒருவன் தட்டுப்பட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்து கடைசி இடத்தை எடுத்துக்கொண்டார், அதை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியாது என்ற பொருளில் உவ்லேன் ஒரு பிரசங்கத்தில் சொன்னது இவரைப் பிடித்து ஆட்டியது. கடைசி இடத்துக்கும் முண்டியடிக்கலாம். தனக்குப் பின்னால் சகோதரர்கள் வந்து சேர்வார்கள் என்று நம்பி அவர் எழுதிய சபை ஒழுங்கைப் படித்து உவ்லேனே மிரண்டுபோனார். இதை மனிதரால் கடைப்பிடிக்க முடியாது, சபை எதுவும் தொடங்கிவிடாதே என்று எழுதினார். சேர்ந்து வாழ வந்தவர்களில் ஒருவர்கூட நிலைக்கவில்லை.

அத்தனையும் துறந்த பிறகும் ஒன்று மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தது. அது கொடுக்கிறவன் என்ற இடம். பெனி அப்பெஸில் அவர் கதவு நாள் முழுக்கத் தட்டப்பட்டது. பிச்சைக்காரர், நோயாளிகள், வழிப்போக்கர், அடிமைகள். காசு கொடுத்துச் சில அடிமைகளை மீட்டிருக்கிறார். தானியம் கொடுத்தார், மருந்து கொடுத்தார், நேரம் கொடுத்தார். தாமன்ராசெட்டிலும் அப்படித்தான். கந்தல் அங்கி போட்டிருந்தாலும் கை மேலேதான் இருந்தது. வாங்குகிறவர்களின் கை கீழே.

1907 கடைசியில் அது முறிந்தது. ஹோக்காரில் நீண்ட வறட்சி. மேய்ச்சல் இல்லை, ஆடுகள் வற்றிவிட்டன, பஞ்சம். கையிலிருந்த தானியத்தை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். இரவும் பகலும் துவாரெக் மொழி அகராதி வேலை. தூக்கமில்லை, சரியான சாப்பாடும் இல்லை. அதைவிட மோசமான பட்டினி ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டப்படி, பூசைக்கு உதவ ஒரு கிறிஸ்தவராவது கூட இல்லாமல் குரு தனியாகப் பூசை வைக்க முடியாது. நூற்றுக்கணக்கான மைல் சுற்றளவில் வேறு கிறிஸ்தவர் இல்லை. இந்தப் பாலைவனத்துக்கு நற்கருணையைக் கொண்டுவருவதற்கென்றே குருவானவர், அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் பூசை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நாம் கோயில் குடிலில் நட்சத்திரம் எரியவில்லை என்று எலெக்ட்ரீசியனைத் திட்டுகிற இரவு.

ஜனவரியில் விழுந்தார். 1908 ஜனவரி 20 வாக்கில் எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு அடி எடுத்துவைத்தால் மூச்சு முட்டியது. மருந்து எல்லாருக்கும் கொடுத்தவரிடம் தனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. சாவு வந்துவிட்டது என்றே நினைத்தார்.

அப்போது அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். துவாரெக்குகள், இஸ்லாமியர், இவர் இரண்டரை வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். பார்த்தவர்கள் கிளம்பிப் போனார்கள். நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் எந்த ஆட்டின் மடியிலாவது சொட்டுப் பால் இருக்கிறதா என்று தேடினார்கள். பிறகு இதைக் கடிதத்தில் எழுதும்போது அந்தத் தூரத்தையும் குறித்துவைத்திருக்கிறார். அளப்பது பழைய தொழில் அல்லவா. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே பால் இல்லாத வருடம். கிடைத்ததைச் சேர்த்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்கள். பிழைத்தார். மாதக் கடைசியில், தனியாகப் பூசை வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் ரோமிலிருந்து வந்து சேர்ந்தது. ஆனால் பால்தான் முதலில் வந்தது.

இவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சிலர் இதை இரண்டாவது மனமாற்றம் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முதலாவதில் மண்டியிட்டார். இரண்டாவதில் மண்டியிடவும் தெம்பில்லாமல் வாயைத் திறந்தார்.

இப்படி வாங்குகிறவனுக்கு நற்செய்தியில் ஒரு சொல் இருக்கிறது. ஆவியில் ஏழைகள் பேறுபெற்றோர் என்ற மலைப்பொழிவின் முதல் வாக்கியத்தில் வரும் ஏழைக்கு மத்தேயு பயன்படுத்துகிற கிரேக்கச் சொல் ப்தோகோஸ். கிரேக்கத்தில் ஏழைக்கு இன்னொரு சொல்லும் உண்டு, பெனேஸ். பெனேஸ் என்றால் அன்றாடங்காய்ச்சி; உழைத்தால் கஞ்சி, இல்லாவிட்டால் இல்லை, ஆனாலும் யாரிடமும் கையேந்தாதவன். ப்தோகோஸ் அவனுக்கும் கீழே. கூனிக் குறுகி உட்கார்வது என்ற வேரிலிருந்து வந்த சொல். தெருவோரம் ஒடுங்கி உட்கார்ந்து, யாராவது போட்டால்தான் உண்டு என்று இருப்பவன். இரவலன். பணக்காரன் வாசலில் நாய் புண்ணை நக்கக் கிடந்த லாசரைச் சொல்ல லூக்கா எடுப்பதும் இதே சொல்தான்.

நம் பழைய மொழிபெயர்ப்பு இங்கே எளிமை என்கிறது. அழகான சொல்; ஆனால் இன்று எளிமை என்றால் கதர்ச் சட்டையும் கட்டாந்தரைப் படுக்கையும் நினைவுக்கு வருகின்றன. எளிமையாக வாழ்பவரை மேடையில் பாராட்டலாம், பொன்னாடை போர்த்தலாம். இரவலனுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. கத்தோலிக்கத் திருவிவிலியம் ஏழையர் என்ற சொல்லுக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் கிட்டே. ஆனாலும் அந்தக் கூனிய முதுகு தமிழில் இன்னும் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. இரப்பது நமக்கு ஆகாத காரியம். வள்ளுவர் நல்குரவு என்று ஓர் அதிகாரம் வைத்து, அடுத்து இரவு என்று ஒன்று வைத்து, உடனே பதறினாற்போல் இரவச்சம் என்று மூன்றாவதை வைக்கிறார். கேட்பது எப்படி என்று பத்துக் குறள், கேட்காமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று பத்துக் குறள். ஈகைக்குப் பாட்டு எழுதிய மொழி இது. வாங்குவதற்கு இங்கே பாணர்தான் போக வேண்டும். அவர்கூட வெறுங்கையோடு போவதில்லை, யாழோடுதான் போகிறார்.

கிறிஸ்தவம் இங்கே வந்தபிறகும் இந்தக் கூச்சம் நம்மைவிட்டுப் போகவில்லை. அதை வேறு இரண்டு வழியில் சமாளித்துக்கொண்டோம். ஒன்று, தொலைக்காட்சியில் பார்க்கலாம். ஆசீர்வாதம் ஆசீர்வாதம் என்று கையை உயர்த்தும் ஊழியரின் மார்புக்குக் கீழே வங்கிக் கணக்கு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கடவுளை நம்பியிருப்பது ஒரு முதலீடு. முப்பதும் அறுபதும் நூறுமாகத் திரும்பி வரும். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று மதிப்புக்குரியது. விசுவாச ஊழியம் என்பார்கள்: மனிதரிடம் காசு கேட்பதில்லை, கடவுளிடம் மட்டும் கேட்பது. திருநெல்வேலிச் சீமையில் அதற்குப் பெரிய சாட்சி டோனாவூர். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளையும், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பெண்பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மருத்துவமனை, பண்ணை. எதற்கும் யாரிடமும் பணம் கேட்டு எழுதுவதில்லை என்பது கட்டுப்பாடு. மனிதரிடம் கேட்க மாட்டேன் என்பதில் ஒரு துளி ரோஷம் கலந்துவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் வரும். கேட்காமல் வாங்கினால் வாங்கினாற்போல் இருக்காது அல்லவா? ஆனால் ஏமியின் கதை அதோடு முடியவில்லை. 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு எழுந்து நடமாடவே இல்லை என்று சொல்லலாம். 1951 ஜனவரியில் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அந்த அறைதான். யாரைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தாரோ அவர்கள் இவரைக் குளிப்பாட்டினார்கள். விசுவாச ஊழியத்தின் பெரிய பகுதி அந்த இருபது வருடம்தான் என்று நினைக்கிறேன். கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாய் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை எழுதியிருக்கிறார்கள்.

இயேசுவைப் பார்த்தால் அவர் ஓயாமல் வாங்கிக்கொண்டே இருந்தவர். பிறக்க யாரோ ஒருவரின் தீவனத் தொட்டி. பிரசங்கிக்கப் பேதுருவின் படகு. எருசலேமுக்குள் போகக் கேட்டு வாங்கிய கழுதை. கடைசி விருந்துக்கு ஒருவர் வீட்டு மாடியறை. ஊர் ஊராகப் போனபோது கூட வந்த பெண்கள் தங்கள் உடைமையிலிருந்து செலவு செய்தார்கள் என்று லூக்கா பெயர் சொல்லி எழுதுகிறார். நம் பிரசங்கங்களில் அந்தப் பெயர்கள் வருவதில்லை. அடக்கம் செய்ததும் இன்னொருவரின் கல்லறையில். கேட்காமல் வந்தவை சில, கேட்டு வாங்கியவை சில. கேட்டதில் மறக்க முடியாதது, சிக்கார் ஊர்க் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் கேட்ட தண்ணீர். நடுப்பகல், தாகம், கையில் மொள்ளப் பாத்திரம் இல்லை. யூதர் சமாரியரோடு கலந்து புழங்காத காலம். அவள் திகைத்துப்போகிறாள். ஒரு யூதன் தனக்கு ஏதாவது கொடுத்திருந்தால் அவள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டாள். தன்னிடமிருந்து வாங்கிக் குடிக்கத் தயாராக நிற்கிறானே என்பதுதான் திகைப்பு.

இந்தத் திகைப்பு தமிழ் வாசகருக்கு உரை போட்டு விளங்கவேண்டியதில்லை. சாதி என்பது யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இல்லை. யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்போம் என்பதில் இருக்கிறது. கொடுப்பதை எல்லாருக்கும் கொடுப்போம். அறுவடைக்கு நெல், பண்டிகைக்கு வேட்டி, சாவுக்குச் சோறு. பிச்சைக்கு நம் ஊர்களில் பஞ்சமே இருந்ததில்லை. வாங்குவதற்குத்தான் ஆள் பார்ப்போம். தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் அடுத்த நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒரு காலில் ஒரு பக்கத்துச் சாதியார், மறு காலில் மற்றவர்கள். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசை கண்டார்கள். நடுவிலிருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இரண்டு காலிலும் மலைப்பொழிவு வாசிக்கப்பட்டிருக்கும். இரண்டு காலிலும் ஆமென் சொல்லியிருப்பார்கள்.

தேவசகாயம் என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்டன் அவர். கால்நடை செத்து, குடும்பத்தில் நஷ்டத்துக்குமேல் நஷ்டம் வந்து சோர்ந்திருந்தவருக்கு, டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் லாசர். எபிரேயத்தில் கடவுள் உதவினார் என்று பொருள். அதன் தமிழ்தான் தேவசகாயம். பணக்காரன் வாசலில் கிடந்தவனின் அதே பெயர். இயேசு சொன்ன உவமைகளில் பெயர் வைத்த ஒரே பாத்திரம் அந்த இரவலன்தான். அரண்மனை அதிகாரிக்கு அந்தப் பெயர் முதலில் பொருந்தியிருக்காது. எருக்கம்பூ மாலையோடு எருமைமேல் திருப்பி உட்காரவைத்து ஊரூராக இழுத்துப்போனபோது பொருந்தியது. அந்த வழிகளில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் யார், என்ன சாதி என்று யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 1752 ஜனவரி 14இல் சுட்டார்கள்.

வாங்கக் கற்றுக்கொள் என்பதை யார் யாரிடம் சொல்கிறோம் என்பதிலும் ஒரு விவகாரம் இருக்கிறது. உள்ளத்தில் ஏழையாக இரு என்று கூலிக்காரனைப் பார்த்துச் சொல்வது அயோக்கியத்தனம். லூக்காவின் நற்செய்தியில் உள்ளம், ஆவி எதுவும் கிடையாது, ஏழைகள், அவ்வளவுதான். மத்தேயு சேர்த்த அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடமாகப் பணக்காரர்கள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் போதனை மேலே இருப்பவனுக்குச் சொன்னது. கீழே இருப்பவனுக்கு வாங்கத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் போகும்படி நாம் விட்டதில்லை.

ஃபூக்கோவையும் முழுக்க வெள்ளையடிக்க மாட்டேன். அவர் போன வழி பிரெஞ்சு ராணுவம் திறந்த வழி. ஹோக்காருக்கு அவரை அழைத்துப் போனவர்கள் அவருடைய பழைய ராணுவ நண்பர்கள்; அவர்களோடு கடைசிவரை கடிதப் போக்குவரத்து இருந்தது, செய்திகளும் போயின. பிரான்சின் ஆட்சி இந்த மக்களுக்கு நல்லது என்ற எண்ணத்திலிருந்து அவர் விடுபடவில்லை. முதல் உலகப் போரின்போது ஊர்மக்கள் ஒதுங்குவதற்கென்று கட்டிய சிறு கோட்டைக்குக் குடிபோனார். அங்கே துப்பாக்கிகளும் இருந்தன. 1916 டிசம்பர் 1 மாலை ஒரு கூட்டம் வந்து அவரைப் பிடித்துக் கட்டிவைத்தது. ஒட்டகப் படைவீரர் இருவர் எதிர்பாராமல் அந்தப் பக்கம் வர, காவலுக்கு நின்ற பையன் பதற்றத்தில் சுட்டுவிட்டான். சுற்றிலும் நற்கருணைப் பாத்திரமும் காகிதங்களும் மணலில் சிதறிக் கிடந்தன. எல்லாருக்கும் சகோதரன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவருக்கு எல்லாச் சகோதரரும் சமமான கையோடு வரவில்லை.

ஆனால் 1908க்குப் பிந்திய எட்டு வருடம் வேறு மாதிரி என்பதையும் சொல்ல வேண்டும். மொழி வேலை பெருகிற்று. துவாரெக்குகளின் கவிதைகளை ஆயிரக்கணக்கான வரிகளாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். கொடுக்க வந்தவர் எழுதுகோலோடு உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். அகராதி அவர் போய் முப்பத்தைந்து வருடம் கழித்து நான்கு தொகுதியாக வந்தது. சகோதரர்களும் அப்படித்தான் பிந்தி வந்தார்கள்: 1933இல் சகாராவின் ஓரத்தில் ஐந்து பேர் தொடங்கினார்கள். இன்றைக்கு அவர் பெயரில் இருக்கும் சின்னச் சகோதரர்களும் சகோதரிகளும் பல நாடுகளில் கூலி வேலை செய்து, வாடகை வீட்டில், அக்கம்பக்கத்தாரில் ஒருவராக இருக்கிறார்கள்.

கடவுளிடம் தன்னை ஒப்படைக்கும் செபம் ஒன்று அவர் பெயரில் உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அவர் அதைச் செபமாக எழுதவில்லை. அக்பெஸ் மடத்தில் இருந்த நாட்களில், சிலுவையில் இயேசு தந்தையிடம் தம்மை ஒப்படைத்த அந்தக் கடைசி வார்த்தைகளைத் தியானித்து எழுதிய குறிப்பு. பிறர் பிறகு செபமாகச் செதுக்கினார்கள். எழுதும்போது அவர் மடத்தில் திடமாக, பட்டினியை விரும்பித் தேடிக்கொண்டிருந்தார். எழுதியது நடக்கப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அதிலும் கடவுள் நேரில் வரவில்லை. ஆட்டுப்பாலோடு பக்கத்து வீட்டார் வந்தார்கள். கடவுளை நம்பியிருப்பது என்று சொல்லும்போது வானத்தைப் பார்ப்பது சுலபம், வானத்துக்கு நன்றிக்கடன் படுவதில் வெட்கமில்லை. பக்கத்து வீட்டுக்குப் படுவதில்தான் இருக்கிறது.

என் அம்மா பக்கத்து வீட்டில் கறிவேப்பிலைகூடக் கேட்காதவள். உப்பு தீர்ந்தால் உப்பில்லாமல் வைப்பாள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தம்பிக்கு மஞ்சக்காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை போட்டாள்: பிள்ளை எழுந்தால் ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, காசை உன் உண்டியலில் போட்டு, அரிசியைக் கஞ்சி வைத்துக் குடிப்போம்.

தம்பி எழுந்தான். அம்மா காவிச் சேலை உடுத்து, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னால். ஆறு வீடு எங்கள் தெருவிலேயே ஆகிவிட்டது, எல்லாம் சொந்தக்காரர்கள். நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினாள். ஏழாவதற்கு ஏன் வாய்க்காலைத் தாண்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டு அழுக்கெடுத்துப் போய் வெளுத்துக் கொண்டுவரும் அக்காவின் வீடு அது. வாராவாரம் எங்கள் திண்ணைக்குக் கீழே நின்று சோறு வாங்கிப்போகிறவள்.

அவள் பதறிப்போனாள். "எம்மா, நானா ஒங்களுக்கு? வேண்டாம்மா, மாதா கோவிப்பா."

அம்மா மடியை இறக்கவில்லை. "நேர்ச்சைக்கு ஆள் பாக்கக் கூடாது பிள்ளே. போடு."

அந்த அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தாள். ரேஷன் அரிசி, ஒரு நாழி இருக்கும். அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஏழு வீட்டு அரிசி கனத்ததாலும் இருக்கலாம்.

இதனால் எதுவும் மாறிவிடவில்லை. அடுத்த வாரம் அந்த அக்கா துணி கொண்டுவந்தபோது அம்மா பழையபடி திண்ணையில் வைக்கத்தான் சொன்னாள். பத்து நிமிடம் அந்த வாசலில் நின்றவளும் அம்மாதான், மறுவாரம் திண்ணைக்குமேல் நின்றவளும் அவள்தான். எனக்கு இரண்டும் நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் அரிசியை முறத்தில் கொட்டியபோது மூன்று நான்கு நிறம். சம்பா, புழுங்கல், பச்சரிசி, ரேஷன். பிரிக்க முடியாது; அப்படியே உலையில் போட்டாள். சிலது குழைந்துவிட்டது, சிலது நறுக்கென்று கடிபட்டது. உப்புப் போட்டுக் குடித்தோம்.